விக்டரி கப்பல், 1829–1833: பனியில் நான்கு குளிர்காலங்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆர்க்டிக் பயணங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் செத்தவர்கள் கதைதான் முதலில் வரும். இங்கே பதிவு செய்வது பெரும்பாலானோர் உயிரோடு திரும்பிய கதை. விக்டரி என்ற சிறிய ஆங்கிலேயக் கப்பல் 1829 இல் கனடாவின் வட கோடியில் பனியில் சிக்கியது, திரும்பவே இல்லை. அதில் போன 23 பேரில் 3 பேர் இறந்தார்கள். மற்றவர்கள் நாலரை ஆண்டு கழித்து, வேறொரு கப்பலில், வீடு வந்து சேர்ந்தார்கள். அந்தக் காலத்தில் அத்தனை குளிர்காலங்களை அங்கே கழித்துவிட்டு இவ்வளவு குறைந்த சாவோடு திரும்பியது பெரிய விஷயம்.

அதில் கேப்டனின் தீர்மானம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு, வேறு யாரோ விட்டுப் போன சரக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு. ஆட்களைப் பெயரால் அல்லாமல் அவர்கள் வகித்த பொறுப்பால் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

கேப்டன் ஐம்பதைத் தாண்டிய கடற்படை அதிகாரி. அவர் மேல் ஒரு பழைய கறை இருந்தது. 1818 இல் இசபெல்லா என்ற கப்பலில் லங்காஸ்டர் நீரிணைக்குள் நுழைந்தவர், எதிரே மலைத்தொடர் வழியை அடைத்து நிற்பதாகச் சொல்லித் திரும்பிவிட்டார். அடுத்த ஆண்டே வேறொரு பயணக்குழு அதே வழியில் போய், மலையும் இல்லை ஒன்றும் இல்லை, திறந்த கடல்தான் என்று காட்டிவிட்டது. அவர் கண்டது கானல் தோற்றம். அதற்குப் பிறகு கடற்படை அவருக்கு ஆர்க்டிக் பக்கம் வேலை கொடுக்கவில்லை.

பதினொரு வருடம் கழித்து, ஜின் என்ற மது வகையைத் தயாரித்துச் சம்பாதித்த ஒரு லண்டன் செல்வந்தர் தன் பணத்தைப் போட்டு அவரை அனுப்பினார். நோக்கம் வடமேற்குக் கடல்வழியை, அதாவது அட்லாண்டிக்கிலிருந்து கனடாவின் வடக்கே சுற்றிப் பசிபிக் போகும் வழியைக் கண்டுபிடிப்பது. துணைத் தலைவராகப் போனவர் கேப்டனுடைய சகோதரர் மகன். வயது குறைவுதான், ஆனால் பனியில் சித்தப்பாவை விட அனுபவம் அதிகம். இருவருக்கும் போகப் போக உறவு கசந்தது. அது தனிக்கதை.

விக்டரி முன்பு ஐல் ஆஃப் மேன் தீவுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற படகு. அதைப் பெரிதாக்கி, பக்கங்களில் துடுப்புச் சக்கரம் வைத்து, அந்நாளில் புத்தம் புதிதான உயர் அழுத்த நீராவி எஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். காற்று விழுந்தாலும் பனிக்கு நடுவே போகலாம் என்பது கணக்கு. எஞ்சினோ முதல் நாளிலிருந்தே ஒத்துழைக்கவில்லை. கொதிகலன் ஒழுகியது. ஒழுகலை அடைக்கச் சாணத்தையும் உருளைக்கிழங்கையும் உள்ளே போடச் சொல்லி யோசனை வந்தது, அதையும் செய்து பார்த்தார்கள். ஸ்காட்லாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் எஞ்சின் ஆள் ஒருவரின் கை இயந்திரத்தில் நசுங்கியது. மருத்துவர் இன்னும் கப்பலில் ஏறவில்லை, கேப்டனே அந்தக் கையை வெட்டி எடுத்தார். கூடவே வருவதாக இருந்த துணைக்கப்பலின் ஆட்கள் வர மறுத்துக் கலகம் செய்தார்கள். ஆக, விக்டரி தனியாகவே போனது.

ஃபியூரி கடற்கரை

1829 ஆகஸ்டில் லங்காஸ்டர் நீரிணையைக் கடந்து, பிரின்ஸ் ரீஜன்ட் நுழைகுடாவில் தெற்கே திரும்பினார்கள். அங்கே ஒரு இடத்தைத் தேடிப் போனார்கள். 1825 இல் ஃபியூரி என்ற கடற்படைக் கப்பலைப் பனி கரையில் தூக்கிப் போட்டது. அதன் ஆட்கள் சரக்கை எல்லாம் இறக்கிக் கரையில் அடுக்கிவிட்டு, கூட வந்த கப்பலில் ஏறிப் போய்விட்டார்கள்.

விக்டரி போய்ச் சேர்ந்தபோது ஃபியூரியின் உடல் மாயமாகியிருந்தது. சரக்கு அப்படியே இருந்தது. நான்கு வருடம் வெட்டவெளியில் கிடந்த டின் உணவு கெடவில்லை. குளிரே அதற்குக் குளிர்சாதனப் பெட்டி. மாவு, சர்க்கரை, ரொட்டி, டின் இறைச்சி, காய்கறி என்று கப்பல் கொண்ட மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் தாங்கும் அளவு கையிருப்பு வந்தது. அப்படியும் கரையில் நிறைய மிச்சம் இருந்தது.

இந்த மிச்சத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த நான்கு ஆண்டுக் கதையும் அதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

சிக்கிய விதம்

கரையை ஒட்டித் தெற்கே போகப் போகப் பனி நெருக்கியது. அக்டோபர் தொடக்கத்தில், பின்னாளில் பூத்தியா என்று பெயர் பெற்ற நிலத்தின் கிழக்குக் கரையில் ஒரு சிறு துறையில் ஒதுங்கினார்கள். அதற்கு ஃபெலிக்ஸ் துறை என்று பெயர் வைத்தார்கள்.

துறை பாதுகாப்பானதுதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வளைகுடா முழுவதும் ஒரு பை மாதிரி. வாய் வடக்கே, அடி தெற்கே. வடகாற்று பனியை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும், தெற்கே வெளியேற வழி கிடையாது. கோடையில் சில வாரங்கள் கரையோரம் நீர் தெரியும். அப்புறம் காற்று திரும்பினால் பனிக்கட்டிகள் மறுபடி வந்து அடைத்துக்கொள்ளும். பையின் அடிப்பக்கம்வரை போய்ச் சிக்கியதுதான் பிழை. உள்ளே நுழையும்போது அது பை என்று அவர்களுக்குத் தெரியாது.

முதல் குளிர்காலம்: செய்தவை

முதலில் எஞ்சினைக் கழற்றிக் கரையில் போட்டார்கள். அந்த முடிவை எடுக்கக் கேப்டனுக்கு அதிக நேரம் பிடித்திருக்காது என்று நினைக்கிறேன். எஞ்சின் போனதும் இடம் கிடைத்தது, பாரமும் குறைந்தது.

அடுத்தது குடியிருப்பு. மேல்தளத்தின் மேல் இரண்டரை அடிக்குப் பனியைப் போட்டு மிதித்துக் கெட்டியாக்கி, அதன் மேல் மணல் தூவினார்கள். அதற்கு மேலே கித்தான் கூரை. கப்பலைச் சுற்றிப் பனிச் சுவர். உள்ளே சூடு தங்கியது. ஆனால் ஆட்கள் விடும் மூச்சு, சமையல் ஆவி, ஈரத்துணி எல்லாம் சேர்ந்து சுவரில் நீராகப் படிந்து உறைந்தால் படுக்கை நனையும், நோய் வரும். இதற்குக் கேப்டன் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. தளத்தில் துளைகள் போட்டு, அவற்றின் மேல் இரும்புத் தொட்டிகளைக் கவிழ்த்து வைத்தார். ஆவி மேலே ஏறித் தொட்டிக்குள் போய் உறைந்தது. அவ்வப்போது தொட்டியைத் தூக்கி உள்ளே படிந்த பனியைச் சுரண்டிப் போட்டால் சரி. படுக்கை காய்ந்தே இருந்தது, நிலக்கரியும் மிச்சமானது.

சாராயப் பங்கை நிறுத்தினார். குளிருக்கு இதமாக இருப்பது போலத் தெரிந்தாலும் சாராயம் உடல் சூட்டைக் குறைக்கிறது என்பது அவர் கருத்து. மாலுமிகளிடம் ரம்மை நிறுத்துவது லேசான காரியம் இல்லை, செய்து காட்டினார். மாலை நேரத்தில் எழுத்து, கணக்கு, கப்பலோட்டும் கலை என்று பள்ளிக்கூடம் நடந்தது.

1830 ஜனவரியில் முதல் சாவு. ஆயுதங்களைப் பழுது பார்ப்பவர், புறப்படும்போதே காசநோய் இருந்தவர். இந்தச் சாவைப் பனியின் கணக்கில் எழுத முடியாது.

அண்டை வீட்டார்

1830 ஜனவரி 9 அன்று, கப்பலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கூட்டம் நிற்பதைக் கண்டார்கள். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான நெட்சிலிக் இனூயிட் மக்கள், 31 பேர். கையில் ஈட்டி, கத்தி. கப்பல்காரர்கள் துப்பாக்கிகளைக் கீழே போட்டார்கள். துணைத் தலைவருக்கு இனூயிட் மொழி கொஞ்சம் தெரியும், வணக்கச் சொல்லைச் சொன்னார். அவர்களும் ஆயுதங்களை வானில் எறிந்துவிட்டு அருகே வந்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே பனி வீடுகள் கட்டி அவர்கள் குடியிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு ஒரு கால் இல்லை. மற்றவர்கள் அவரைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்து வந்தார்கள். மருத்துவர் அந்தக் காலைப் பார்த்தார், புண் நன்றாக ஆறியிருந்தது. தச்சரைக் கூப்பிட்டு அளவு எடுக்கச் சொன்னார்கள். சில நாட்களில் மரக்கால் தயார், அதில் கப்பலின் பெயரும் செதுக்கியிருந்தது. அதைக் கட்டிக்கொண்டதும் அவர் அறைக்குள்ளேயே மகிழ்ச்சியோடு நடக்க ஆரம்பித்தார். இரும்புக் கத்தி, ஊசி கொடுத்து வாங்கிய எந்த நட்பையும் விட இந்த ஒரு மரத்துண்டு அதிகம் சாதித்தது.

பதிலுக்குக் கிடைத்தவை: சீல் இறைச்சி, மீன், தோலாடை, நாய்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், நிலவரம். ஒருவர் பென்சிலை வாங்கித் தாளில் கரையோரத்தை வரைந்து காட்டினார். தெற்கே போனால் கடலுக்கு வழி இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கேப்டன் அதைக் கேட்டார், ஏற்றுக்கொண்டார்.

இன்னொன்றையும் கவனித்தார். இந்த மக்கள் எலுமிச்சைச் சாறு கண்டதில்லை, காய்கறி கண்டதில்லை, அப்படியும் ஸ்கர்வி (புது உணவு இல்லாமல் நெடுநாள் இருந்தால் வரும் நோய்) அவர்களை அண்டவில்லை. எண்ணெய், கொழுப்பு, புது இறைச்சி என்று தின்பதுதான் இந்தப் பனியில் உயிர் வாழும் ரகசியம் என்று கேப்டன் எழுதி வைத்தார். உயிர்ச்சத்து ‘சி’ என்ற சொல்லே பிறக்காத காலம் அது. காரணம் தெரியாமலே விடையைத் தொட்டுவிட்டார். ஆனால் அதைத் தன் ஆட்களின் தட்டில் முழுதாகக் கொண்டு வரவில்லை. மீன் கிடைத்தபோது சாப்பிட்டார்கள். சீல் கொழுப்பு மாலுமிகளின் நாக்கில் ஏறவில்லை. கப்பல் உணவே முதன்மையாக இருந்தது. தெரிந்தும் பாதியே செய்தது என்று இதை எழுதலாம்.

இரண்டு கோடைகள், ஏழு மைல்

1830 கோடை முழுவதும் காத்திருந்தார்கள். செப்டம்பர் 17 அன்று கப்பல் பனியிலிருந்து விடுபட்டது. சுமார் மூன்று மைல் போனது. மறுபடி மாட்டிக்கொண்டது. பாதுகாப்பான இடத்துக்கு இழுக்க அக்டோபரில் பனியை ரம்பத்தால் அறுத்தார்கள். ஒரு மாதம் முழுக்க அறுத்ததில் 850 அடிதான் நகர்ந்தது. வெட்டிய வாய்க்கால் இரவில் உறைந்துவிடும், காலையில் மறுபடி வெட்ட வேண்டும்.

இரண்டாவது குளிர்காலம் கடுமையானது. வெப்பமானி உறைநிலைக்குக் கீழே 92 ஃபாரன்ஹீட் டிகிரி இறங்கியது, நம் கணக்கில் மைனஸ் 51 செல்சியஸ். பொழுது போகாமல், உறைந்த பாதரசத்தைக் குண்டாக்கித் துப்பாக்கியில் போட்டு ஒரு அங்குலப் பலகையைத் துளைத்துப் பார்த்தார்கள். சலிப்பு எந்த அளவில் இருந்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். பனியைப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் மனமும் மரத்துப்போனது பற்றிக் கேப்டனே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

1831 ஆகஸ்ட் இறுதியில் இரண்டாவது விடுதலை. நான்கு மைல் போனது, அவ்வளவுதான். மூன்றாவது குளிர்காலத்தை விக்டோரியா துறை என்று பெயரிட்ட இடத்தில் கழித்தார்கள்.

இடைப்பட்ட வசந்த காலங்கள் வீணாகவில்லை. துணைத் தலைவர் நாய் வண்டியோடு, இனூயிட் வழிகாட்டிகளின் துணையுடன், தீபகற்பத்தைக் கடந்து மேற்குக் கரைக்குப் போனார். 1831 ஜூன் 1 அன்று காந்த ஊசி கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும் இடத்தை அடைந்தார். சாய்வு 89 டிகிரி 59 நிமிடம். பூமியின் வட காந்த முனையில் முதலில் நின்ற ஐரோப்பியர்கள் அவர்கள். கற்களைக் குவித்து அடையாளம் வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1830 மே மாதம், அவர் இன்னும் மேற்கே கிங் வில்லியம் நிலத்தின் வடமேற்குக் கரைவரை போயிருந்தார். அங்கே பார்த்த பனி அவரை மலைக்க வைத்தது. பெரும் பாளங்களைக் கடல் உந்தி, அலை எட்டும் எல்லைக்கு அப்பால் சில இடங்களில் அரை மைல்வரை நிலத்தில் ஏற்றியிருந்தது. உணவு தீரும் நிலை வந்ததால் அந்த முனைக்குத் தங்கள் கப்பலின் பெயரை வைத்துவிட்டுத் திரும்பினார். விக்டரி முனை. இந்த இடத்துக்கு மறுபடி வருவோம்.

முக்கிய முடிவு: கப்பலை விடுவது

1831 இலையுதிர் காலத்தில் கேப்டன் முன் இருந்த கணக்கு இது. கையிருப்பு அடுத்த கோடைவரைதான் தாங்கும். இரண்டு கோடையில் கப்பல் நகர்ந்தது ஏழு மைல். மூன்றாவது கோடையில் விடுபடும் என்று நம்ப ஆதாரம் இல்லை. நம்பிக் காத்திருந்து விடுபடாமல் போனால், நான்காவது குளிர்காலத்தை வெறும் வயிற்றோடு சந்திக்க வேண்டும். அப்போது நடக்கவும் தெம்பு இருக்காது.

ஃபியூரி கடற்கரையில் உணவு இருக்கிறது என்பதும், அங்கே படகுகள் இருக்கின்றன என்பதும் நிச்சயம். நேர் தூரம் சுமார் 180 மைல். வளைந்து போனால் 300.

ஆட்கள் நடக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே கிளம்புவது என்று முடிவானது. மூன்றாவது குளிர்காலத்தில் ஸ்கர்வியின் அறிகுறிகள் தலைகாட்டின, 1832 ஜனவரியில் இன்னொரு மாலுமி இறந்தார். இவை அந்த முடிவை உறுதிப்படுத்தின. ஃபியூரி சரக்கு என்னவாயிற்றோ என்ற பயம் இருந்ததால், வெறுங்கையோடு ஓடாமல் படகுகளையும் உணவையும் தாங்களே இழுத்துப் போவது என்றும் தீர்மானித்தார்கள்.

ஏப்ரல் 23 முதல் தவணை முறையில் சுமை இழுத்தார்கள். ஒரு சுமையைக் கொஞ்ச தூரம் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி வந்து அடுத்ததை இழுப்பது. ஒரு மாதத்தில் 329 மைல் நடந்தார்கள், நேர்க்கோட்டில் முன்னேறியது சுமார் 30 மைல்.

மே 29 அன்று விக்டரிக்கு விடைகொடுத்தார்கள். கொடியைப் பாய்மரத்தில் ஆணியடித்தார்கள். கேப்டன் கடைசியாக இறங்கினார். 42 ஆண்டுப் பணியில் 36 கப்பல்களில் இருந்தும், கைவிட்ட முதல் கப்பல் இதுதான் என்று அவர் எழுதினார். அந்த வரியில் வருத்தம் தெரிகிறது. ஆனால் அந்த வருத்தத்தைக் காரணமாகக் காட்டி ஒரு வாரம்கூட அவர் தாமதிக்கவில்லை.

வழியில்

சில நாட்களில் ஆட்கள் தளர்ந்துபோனார்கள். படகையும் சுமையையும் இங்கேயே போட்டுவிட்டு நேராக ஃபியூரி கடற்கரைக்கு நடந்துவிடலாம் என்று அவர்கள் சார்பில் ஒருவர் வந்து கேட்டார். கேப்டன் அதைக் கலகத்தின் முதல் படியாக எடுத்துக்கொண்டு அதட்டி அடக்கினார்.

எனக்கு இதில் இரண்டு மனம். கேட்டவர்கள் சோம்பேறிகள் இல்லை, 329 மைல் கணக்கை முதுகில் சுமந்தவர்கள். அதே சமயம், ஃபியூரியில் ஒன்றும் இல்லை என்று ஆகியிருந்தால் அவர்கள் யோசனை எல்லோரையும் கொன்றிருக்கும். சரியான நடுவழி பிற்பாடுதான் வந்தது. துணைத் தலைவரையும் இரண்டு பேரையும் பார்த்து வர முன்னால் அனுப்பினார்கள். ஜூன் 25 அன்று அவர்கள் எதிரே வந்து செய்தி சொன்னார்கள்: படகுகளில் மூன்றைக் கடல் அடித்துச் சேதப்படுத்தியிருக்கிறது, ஆனாலும் உணவு ஏராளம். இந்த ஆளனுப்பலை இன்னும் முன்னதாகவே செய்திருக்கலாம்.

ஜூலை 1 அன்று அனைவரும் ஃபியூரி கடற்கரை வந்து சேர்ந்தார்கள்.

நான்காவது குளிர்காலம்

வந்த உடனே தங்க ஒரு வீடு கட்டினார்கள். மரச்சட்டம், கித்தான் சுவர், 31 அடி நீளம், 16 அடி அகலம். லண்டனில் உள்ள பெரிய அரசுக் கட்டடத்தின் நினைவாக அதற்குச் சாமர்செட் ஹவுஸ் என்று பெயர். கிண்டல் பண்ண இன்னும் தெம்பு இருந்திருக்கிறது.

ஆகஸ்டில் படகுகளைச் சரிசெய்து வடக்கே போனார்கள். லங்காஸ்டர் நீரிணைப் பக்கம் பனி வழிவிடவில்லை. படகுகளைப் பாதி வழியில் பாட்டி (Batty) என்ற விரிகுடாவில் விட்டுவிட்டு, அக்டோபர் 7 அன்று நடந்தே திரும்பினார்கள். அடுத்த ஆண்டு தொடங்க அந்த இடம் வசதி என்பதால் படகுகளை அங்கே வைத்ததும் நல்ல முடிவு.

நான்காவது குளிர்காலம் மற்ற மூன்றையும் விட மோசம். கித்தான் வீட்டைச் சுற்றிப் பனிச் சுவர் எழுப்பினாலும் உள்ளே குளிர் கடித்தது. டின் உணவு இருந்தது, புது இறைச்சி இல்லை. அந்தப் பக்கம் இனூயிட் குடியிருப்பு கிடையாது. எப்போதாவது ஒரு நரி சிக்கும், அதைப் பிரித்துக்கொள்வார்கள். ஸ்கர்வி பரவியது. கேப்டனின் பழைய போர்க்காயங்கள் ரத்தம் கசிய ஆரம்பித்தன. ஆறிய தழும்பைத் திறந்துவிடுவது அந்த நோயின் குணம். 1833 பிப்ரவரியில் தச்சர் ஸ்கர்வியில் இறந்தார். மரக்கால் செய்து கொடுத்த அதே தச்சர்.

ஆராய்ச்சி நோக்கில் பார்த்தால் இது ஒரு ஒப்பீடு. அதே ஆட்கள், அதே ஆர்க்டிக், வயிறு நிறைய டின் உணவு. அண்டை வீட்டாரின் மீனும் இறைச்சியும் கிடைத்த முதல் குளிர்காலத்தில் ஸ்கர்வி தலையெடுக்கவில்லை. அவை இல்லாத நான்காவதில் ஆள் இறந்தார்.

மீட்பு

1833 ஜூலை 8 அன்று, நடக்க முடியாத நோயாளிகளைச் சறுக்குவண்டியில் இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். படகுகள் இருந்த இடத்தை அடைந்து ஒரு மாதம் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று பனியில் ஒரு நீர்த்தடம் திறந்தது. மறுநாள் படகை இறக்கிவிட்டார்கள். முந்தைய ஆண்டு எதைத் தாண்ட முடியாமல் திரும்பினார்களோ அதைச் சில நாட்களில் கடந்து, கிழக்கே லங்காஸ்டர் நீரிணைக்குள் வந்தார்கள்.

ஆகஸ்ட் 26 அதிகாலை நான்கு மணி. காவலுக்கு இருந்தவர் தூரத்தில் பாய் தெரிவதைக் கண்டார். புகை காட்டினார்கள், துடுப்பு வலித்தார்கள். காற்று எழுந்தது, அந்தக் கப்பல் விலகிப் போய்விட்டது. காலை பத்து மணிக்கு இன்னொரு கப்பல். இந்த முறை காற்று விழுந்தது. கப்பலிலிருந்து ஒரு படகை இறக்கி அனுப்பினார்கள்.

வந்த அதிகாரியிடம், இது எந்தக் கப்பல் என்று கேட்டார் கேப்டன். ஹல் துறைமுகத்தின் இசபெல்லா, முன்பு இன்ன கேப்டனின் தலைமையில் இருந்தது என்று பதில் வந்தது. அந்தக் கேப்டன் நான்தான் என்றார் இவர். அதிகாரி நம்பவில்லை. அவர் செத்து இரண்டு வருடம் ஆகிறதே என்று வாதாடினார். எதிரே நின்றவரோ தாடி மண்டிப்போய், தோல் கந்தலில், எலும்பும் தோலுமாக இருந்தார். அதிகாரியைச் சொல்லியும் குற்றமில்லை.

1818 இல் எந்தக் கப்பலில் நின்றுகொண்டு இந்த நீரிணை மலையால் அடைபட்டிருக்கிறது என்றாரோ, அதே கப்பல், அதே நீரிணையில், அவரை ஏற்றிக்கொண்டது. இசபெல்லா அப்போது திமிங்கில வேட்டைக் கப்பல். திமிங்கில வேட்டைக்காரர்கள் அவ்வளவு உள்ளே வரக் காரணமே, அங்கே மலை இல்லை என்று பின்னால் தெரிந்ததுதான்.

பின்விளைவுகள்

அக்டோபரில் ஹல் வந்து சேர்ந்தார்கள். கேப்டனுக்குச் சர் பட்டமும் நாடாளுமன்றம் தந்த 5,000 பவுண்டும் கிடைத்தன. மாலுமிகளின் சம்பளத்தில் சிக்கல் வந்தது. கப்பலைக் கைவிட்டதோடு ஒப்பந்தம் முடிகிறதா என்ற கேள்வி. தனியார் பயணமாக இருந்தும் கடைசியில் கடற்படையே அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. கைவிட்ட கப்பலின் இரும்பும் மரமும் நெட்சிலிக் மக்களுக்கு நெடுங்காலம் பயன்பட்டன. இரும்பு கிடைக்காத நாட்டில் அது புதையல்.

மாற்றியிருக்க வேண்டியவை

எஞ்சினை ஆர்க்டிக்கில் சோதிக்காமல் தேம்ஸ் நதியில் சோதித்திருக்க வேண்டும். இதை நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

உணவு: சீல் கொழுப்பைப் பற்றி எழுதியவர், வேட்டைக்கு ஆட்களைப் பழக்கியிருக்க வேண்டும். நெட்சிலிக் மக்கள் பனியில் மூச்சுத் துளையருகே மணிக்கணக்கில் காத்திருந்து சீல் பிடிக்கும் வித்தை முதல் குளிர்காலத்திலேயே கண்ணெதிரே இருந்தது. அதைக் கற்றிருந்தால் நான்காவதில் தச்சர் பிழைத்திருக்கலாம்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வரைபடம். கரையை ஒட்டித் தெற்கே வந்தபோது, மேற்கே திறக்கும் ஒரு குறுகிய நீரிணையின் வாயைக் கடந்து வந்தார்கள். அதை விரிகுடா என்று எண்ணிவிட்டார்கள். பூத்தியாவுக்கும் கிங் வில்லியம் நிலத்துக்கும் இடையே இருந்த நீர்ப்பரப்பும், கேப்டனின் வரைபடத்தில் ஒரு மூடிய வளைகுடாவாக வந்தது. உண்மையில் அது மூடவில்லை. கிங் வில்லியம் ஒரு தீவு, கிழக்குப் பக்கமாகக் கப்பல் போக வழி உண்டு. தெற்கே கடல் இல்லை என்று தாள் போட்டு வரைந்து காட்டியவர்களிடம், மேற்கே என்ன இருக்கிறது என்றும் விடாமல் கேட்டிருந்தால் அந்தக் கோடு வேறு மாதிரி வந்திருக்கும். 1818 இல் மலை வரைந்த கை, மறுபடியும் பார்க்காத இடத்தில் கோடு இழுத்தது.

1845 இல் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கடற்படைக் கப்பல்கள் 129 பேரோடு ஆர்க்டிக்குக்குள் போயின. கையில் இருந்த வரைபடத்தில் கிழக்குப் பக்கம் அடைபட்டிருந்தது. மேற்குப் பக்கமாக இறங்கினார்கள், அரை மைல் நிலத்தில் ஏறிக் கிடந்ததே, அந்தப் பனி வரும் பாதைக்குள். 1846 செப்டம்பர் 12 அன்று சிக்கினார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் கப்பலிலேயே காத்திருந்தார்கள். 1848 ஏப்ரல் 22 அன்று மிச்சமிருந்த 105 பேர் இறங்கி நடந்தார்கள். ஒருவரும் வீடு திரும்பவில்லை. இந்தத் தேதிகளும் எண்ணிக்கையும் நமக்குத் தெரிவது அவர்கள் கற்குவியலில் வைத்துப் போன ஒரே ஒரு தாளால். 1859 இல் அந்தத் தாள் கிடைத்த இடம் விக்டரி முனைக்குப் பக்கத்தில்.